மூன்றாவது ஓனர்

2021 செப்டம்பர் 9ஆம் தேதி மாலை சித்தப்பா அழைத்தார். அவர் போன் செய்தால் யாருக்காவது உடம்பு சரியில்லை என்று அர்த்தம், அல்லது வருமான வரிக் கணக்கில் ஒரு சந்தேகம். அன்று இரண்டும் இல்லை. ஃபோர்டு நிறுவனம் இந்தியாவில் கார் தயாரிப்பதை நிறுத்திக்கொள்கிறது என்று தொலைக்காட்சியில் அப்போதுதான் பார்த்திருக்கிறார். "நல்ல வேளை, அன்றைக்கு நீ வேண்டாம் என்றாய். இல்லையென்றால் நான் இன்றைக்குத் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்" என்றார். கொஞ்சம் இடைவெளி விட்டு, "ரொம்ப நன்றிப்பா" என்றும் சொன்னார்.

எங்கள் வீட்டில் நன்றி சொல்லிக்கொள்கிற வழக்கம் இல்லை. கல்யாணத்துக்குக் கடன் கொடுத்தவருக்கே யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. தீபாவளிக்கு ஒரு தட்டு முறுக்கு கூடுதலாகப் போகும், அவ்வளவுதான். அதனால் அந்த நன்றியை என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. போனைக் கையில் வைத்தபடி ஜன்னல் வழியே பார்த்தேன். வேப்ப மரத்தடியில் என் ஃபோர்டு ஐகான் நின்றுகொண்டிருந்தது. 2003ஆம் ஆண்டு வண்டி, 1.6 லிட்டர் பெட்ரோல். யார் கேட்டாலும், கேட்காவிட்டாலும், "ஓட்டுவதற்கு ஃபோர்டு மாதிரி வராது" என்று பத்து வருடங்களாகச் சொல்லிக்கொண்டு திரிந்தவன் நான். என் சொந்தச் சித்தப்பாவை ஃபோர்டு வாங்கவிடாமல் தடுத்ததும் நான்தான். அதற்குத்தான் அந்த நன்றி.

இதைப் பற்றி எழுதவேண்டும் என்று அப்போதே தோன்றியது. எழுதினால் முட்டாளாகத் தெரிவேன் என்றும் தோன்றியது. தள்ளிப் போட்டேன். போன வருடம் ஒரு டீக்கடையில் மறுபடியும் கிளறிவிட்டார்கள்.

கூடுவாஞ்சேரி பக்கம் ஜி.எஸ்.டி. சாலையோரக் கடை அது. ஞாயிறு காலைகளில் ஏழெட்டுப் பேர் கூடுவோம். எல்லோரும் வண்டிப் பைத்தியங்கள். 2025 அக்டோபர் கடைசியில், மறைமலை நகர் ஆலையில் எஞ்சின் தயாரிக்கப்போவதாக ஃபோர்டு அறிவித்தது. 3,250 கோடி ரூபாய் முதலீடு, 2029இல் உற்பத்தி தொடக்கம். அந்த வார ஞாயிறு கடையில் ஒரே குதூகலம். "எஞ்சின்தான் வருகிறது, கார் வரவில்லை" என்று ஒருவர் சொன்னது யார் காதிலும் விழவில்லை. பேச்சு போய் நிற்கும் இடத்தில் போய் நின்றது: ஃபோர்டில் உனக்குப் பிடித்தது எது?

இந்தக் கேள்விக்கு ஒவ்வொருவரும் என்ன சொல்வார்கள் என்று எனக்கு மனப்பாடம். ஃபியஸ்டா 1.6 எஸ் வைத்திருப்பவர் அதைத்தான் சொல்வார். சஸ்பென்ஷனை இறுக்கி, தாழ்த்தி, ஒரு குடும்ப செடானை அப்படி யார் இந்த நாட்டில் விற்றார்கள் என்பார். ஒருவருக்கு 2010இல் வந்த முதல் ஃபிகோ. அந்த டீசல் எஞ்சினில் குதிரைத்திறன் எழுபதைக்கூடத் தொடாது, ஆனால் வளைவில் அதன் பின்னால் வந்து பார் என்பார். ஆறடி உயரமும் அதற்கேற்ற வருமானமும் உள்ளவருக்கு எண்டெவர் என்ற பெரிய எஸ்யூவி. இருபத்து நான்கு வயதுப் பையன் ஒருவன், ஃபோர்டின் அமெரிக்க ஸ்போர்ட்ஸ் காரான மஸ்டாங் என்பான். அவனிடம் இருப்பது ஒரு பைக். எனக்கு ஐகான். எகோஸ்போர்ட்டை யாரும் முதலில் சொல்லமாட்டார்கள். அது ஊரே வாங்கிய வண்டி. ஊரே வாங்கிய வண்டியைப் பிடித்தது என்று சொன்னால் ரசிகனுக்கு மதிப்பு இல்லை.

எனக்கு என்ன தோன்றியதோ, "நம்மில் யாரெல்லாம் ஃபோர்டை ஷோரூமில் புதிதாக வாங்கினோம்?" என்று கேட்டேன். எட்டுப் பேர். கை தூக்கியது ஒருவர். அவர் வாங்கியது எகோஸ்போர்ட். அதுவும், பின் கதவில் ஸ்டெப்னி தொங்குவது அவர் மனைவிக்குப் பிடித்திருந்ததால் வாங்கியது.

டீ ஆறிவிட்டது என்று யாரோ சொன்னார்கள்.

ஐம்பது மீட்டர்

ஐகான் எனக்கு எப்படிக் கிடைத்தது என்பதைச் சொல்லவேண்டும். 2011. கையில் ஒரு லட்சத்துச் சொச்சம் இருந்தது. அந்தப் பணத்துக்குக் கிடைக்கிற மற்ற வண்டிகள் எல்லாம் ஒரு லட்சம் கிலோமீட்டர் ஓடிக் களைத்த சின்ன வண்டிகள். செங்கல்பட்டில் ஒரு புரோக்கர், ஐகான் ஒன்று இருக்கிறது என்றார். சொல்லும்போதே குரலைத் தாழ்த்தினார், மாப்பிள்ளைக்கு ஏற்கனவே ஒரு நிச்சயதார்த்தம் முறிந்த விஷயத்தைச் சொல்வதுபோல. "ஃபோர்டு சார். ஓட்ட நன்றாக இருக்கும். ஆனால் திரும்ப விற்க முடியாது. அதனால்தான் இந்த விலை."

சிங்கப்பெருமாள் கோவிலில் இருந்து ஒரகடம் போகும் சாலையில் ஓட்டிப் பார்த்தேன். முதல் இருநூறு அடியிலேயே முடிவு செய்துவிட்டேன். வேகம் ஒரு காரணமே அல்ல. வண்டி இன்னும் மூன்றாவது கியரைக்கூடப் பார்க்கவில்லை. சாலையோரம் மண் சரிந்து கிடந்த இடத்தில் இடது முன்சக்கரம் ஏறி இறங்கியது. அது ஏறி இறங்கியது என் கைக்குத் தெரிந்தது. தார் முடிந்து சிமெண்ட் ஒட்டு தொடங்குவது தெரிந்தது. அதுவரை நான் ஓட்டிய வண்டிகளில் ஸ்டீயரிங் என்பது வண்டிக்கு உத்தரவு போடுகிற சாதனம். இதில் அது பதிலும் சொன்னது.

ஏன் என்று பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். ஐகானில் இருப்பது ஹைட்ராலிக் பவர் ஸ்டீயரிங். எஞ்சினோடு பெல்ட்டால் இணைந்த ஒரு பம்ப் எண்ணெயை அழுத்திக்கொண்டே இருக்கும். நாம் ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது உள்ளே ஒரு மெல்லிய கம்பி முறுக்கிக்கொண்டு, வால்வைத் திறந்து, அந்த அழுத்தத்தை உதவிக்கு அனுப்பும். டயரில் விழுகிற பாரம் அதே வழியாகத் திரும்பிக் கைக்கும் வரும். பிற்பாடு வந்த மின்சார ஸ்டீயரிங்கில் உதவி செய்வது ஒரு மோட்டார். தேவைப்படும்போது மட்டும் வேலை செய்வதால் பெட்ரோல் மிச்சம். ஆனால் அந்த மோட்டாரும் அதன் பல்சக்கரங்களும் சாலையின் பேச்சில் பாதியை விழுங்கிவிடும். இன்று வருபவற்றில் சில பரவாயில்லை. தொடக்க காலத்தவை பல, வாயில் வெற்றிலை போட்டுக்கொண்டு பேசுகிறவரைப் போலத்தான்.

ஐகானின் அடித்தளம் 1995இன் ஐரோப்பிய ஃபியஸ்டா. அதற்குப் பின்னால் ஒரு டிக்கியை வைத்து, இந்தியாவை மனதில் கொண்டு செதுக்கி, 1999 நவம்பரில் மறைமலை நகரிலிருந்து வெளியே விட்டார்கள். அதற்கு முன் 1996இல் மஹிந்திராவோடு கூட்டுச் சேர்ந்து ஃபோர்டு விற்ற எஸ்கார்ட்டை இன்று நினைவு வைத்திருப்பவர்கள் குறைவு. ஐகானின் விளம்பரத்தில் 'ஜோஷ் மெஷின்' என்றார்கள். ஜோஷ் என்றால் என்ன என்று எங்கள் தெருவில் யாருக்கும் தெரியாது. ஜோசப் என்பதன் சுருக்கம் என்று நானே நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த ஜோஷ் உண்மையில் இருந்தது 1.6 எஞ்சினில். ரோக்கம் என்று பெயர். கேம் தண்டு வால்வை அழுத்தும் இடத்தில் உரசுவதற்குப் பதிலாக ஓர் உருளை உருளும், உராய்வு குறைவு. சுமார் தொண்ணூறு குதிரைத்திறன். இன்று அது ஒன்றுமில்லை. அன்று, அந்த எடைக்கு, அது குறும்புக்காரப் பிள்ளை.

அந்தக் காலத்து ஐரோப்பிய ஃபோர்டுகள் அப்படி ஓடியதற்குப் பின்னால் ரிச்சர்ட் பேரி-ஜோன்ஸ் என்ற வேல்ஸ்காரர் இருந்தார். ஃபோர்டின் பொறியாளர். ஒரு காரை ஐம்பது மீட்டர் ஓட்டினாலே அதன் தரம் தெரிந்துவிடும் என்பது அவருடைய சோதனை. கார் உலகத்தில் அந்தச் சோதனைக்கு அவர் பெயரே நின்றுவிட்டது. ஆக்சிலரேட்டர், பிரேக், கிளட்ச், கியர், ஸ்டீயரிங் எல்லாம் ஒரே மாதிரியான எடையோடு, ஒரே மாதிரியான நிதானத்தோடு கைகாலுக்குக் கட்டுப்படவேண்டும் என்பதில் பிடிவாதமாக இருந்தார். ஒன்று லேசாகவும் இன்னொன்று கனமாகவும் இருந்தால் காரோடு நமக்குள்ள உறவு முதல் ஐம்பது மீட்டரிலேயே கெட்டுப்போகும். இவற்றில் ஒன்றைக்கூட விளம்பரத் தாளில் அச்சடிக்க முடியாது. மைலேஜுக்கு எண் உண்டு, டிக்கிக்கு லிட்டர் உண்டு. இதற்கு அளவு கிடையாது. பேரி-ஜோன்ஸ் 2021 ஏப்ரலில் வேல்ஸில், தன் வீட்டு நிலத்தில் நடந்த டிராக்டர் விபத்தில் இறந்துபோனார். ஐந்து மாதம் கழித்து எனக்குச் சித்தப்பாவின் நன்றி வந்தது.

ஒரகடம் சாலையில் நான் ஓட்டியதும் அவருடைய ஐம்பது மீட்டரைத்தான், அவர் பெயர் தெரியாமலே. புரோக்கரிடம் ஒரு லட்சத்துப் பத்தாயிரம் கொடுத்தேன். ஆர்.சி. புத்தகத்தில் என் பெயருக்கு முன்னால் இரண்டு பெயர்கள் இருந்தன. நான் மூன்றாவது ஓனர்.

வேண்டாம் என்று சொன்ன நாள்

2017இல் சித்தப்பா கார் வாங்க முடிவு செய்தார். மின்வாரியத்தில் கணக்குப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். கார்களைப் பற்றிக் குடும்பத்தில் யாருக்கு எந்தச் சந்தேகம் வந்தாலும் தீர்ப்பு சொல்லும் பதவி என்னுடையது, யாரும் நியமிக்காத பதவி. அவரே இரண்டு வண்டிகளைத் தேர்வு செய்து வைத்திருந்தார். ஒன்று ஊர் முழுக்க ஓடும் வண்டி. இன்னொன்று ஃபோர்டு ஆஸ்பயர், பெட்ரோல். உயர்ந்த மாடலில் ஆறு ஏர்பேக் இருப்பதைப் படித்துவிட்டு, விளம்பரத் தாளில் அந்த வரியின் அடியில் பேனாவால் கோடு போட்டிருந்தார். கணக்குப் பிரிவு ஆட்கள் எதிலும் கோடு போடாமல் இருக்கமாட்டார்கள்.

இரண்டையும் ஓட்டிப் பார்த்தோம். முதல் வண்டியை ஓட்டிவிட்டு இறங்கி, "நன்றாக இருக்கிறது" என்றார். ஆஸ்பயரை ஓட்டிவிட்டு அவர் உடனே இறங்கவில்லை. எஞ்சினை அணைத்துவிட்டு, இரண்டு கைகளும் ஸ்டீயரிங்கில் இருக்க, கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். "இது நான் சொன்னபடி கேட்கிறது" என்றார். நாற்பது வருடம் லெட்ஜரைத் தவிர எதையும் ரசித்துப் பார்த்திராத மனிதர். பேரி-ஜோன்ஸையும் தெரியாது, ஹைட்ராலிக்கும் தெரியாது. அந்த வண்டியில் இருந்ததுகூட மின்சார ஸ்டீயரிங்தான். பழைய ஃபோர்டின் கூர்மை மழுங்கிவிட்டது என்று நாங்கள் டீக்கடையில் திட்டித் தீர்த்துக்கொண்டிருந்த வண்டி. ஆனாலும் ஏதோ மிச்சம் இருந்திருக்கிறது. அந்த மிச்சம் அவருக்குத் தெரிந்துவிட்டது.

அவர் என்னைப் பார்த்தார். ஆறு வருடப் பிரசங்கத்துக்குப் பலன் கிடைக்கவேண்டிய நிமிடம் அது. எனக்குத் தெரிந்த மொழியில், என் குடும்பத்தில் ஒருவர் முதல்முறையாகப் பேசுகிறார். நான் என்ன சொல்லியிருக்கவேண்டும்?

"வேண்டாம் சித்தப்பா. ஸ்பேர் விலை அதிகம். நாளைக்கு விற்கப் போனால் யாரும் வாங்கமாட்டார்கள்" என்றேன்.

ஏர்பேக் கோட்டைக் காட்டினார். "நீங்கள் ஓட்டுகிற வேகத்துக்கு ஒன்றே அதிகம்" என்றேன். ஷோரூம் பையன் சிரித்தான். சித்தப்பாவும் சிரித்தார். அந்த வாரமே முதல் வண்டிக்கு முன்பணம் கட்டினார்.

இதில் என்னை உறுத்துவது, நான் சொன்னது எனக்கே தெரிந்த விஷயத்துக்கு நேர்மாறானது என்பதுதான். 2010இல் ஃபிகோவைக் கொண்டுவந்தபோதே, ஸ்பேர் விலை என்ற கெட்ட பெயரைப் போக்க ஃபோர்டு ஒரு காரியம் செய்தது. ஒரு பாகம் கெட்டால் மொத்த அசெம்பிளியையும் மாற்றச் சொல்லாமல், உள்ளே இருக்கிற சின்ன உதிரியை மட்டும் தனியாக வாங்கும்படி பிரித்து விற்றது. இது எனக்குத் தெரியும். டீக்கடையில் இதைப் புகழ்ந்தே பேசியிருக்கிறேன். ஆனால் ஒரு பெரியவர் தன் ஓய்வூதியப் பணத்தை வைத்துக்கொண்டு என் முகத்தைப் பார்த்தபோது, வாயில் வந்தது எஸ்கார்ட் காலத்து வசனம். ஊர் சொல்வதைச் சொன்னால் பின்னால் என்ன ஆனாலும் பழி ஊருக்கு. நான் நம்புவதைச் சொல்லி ஏதாவது ஆனால் பழி எனக்கு. அவ்வளவுதான் கணக்கு.

மறுவிற்பனை விலையைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். வாங்குகிறவன் தயங்குவான் என்று புரோக்கர் விலையைக் குறைக்கிறார். விலை குறைவாக இருப்பதால் ஏதோ கோளாறு என்று வாங்குகிறவன் தயங்குகிறான். இதற்கு நடுவில் என்னைப் போன்ற ஒருவன் வந்து, வண்டியைப் பற்றி எல்லாம் தெரிந்து வைத்துக்கொண்டு, தெரியாதவன்போல மூக்கைச் சுளித்து, இன்னும் ஐயாயிரம் குறைத்து ஓட்டிக்கொண்டு போகிறான். பிறருடைய பயம் எனக்குத் தள்ளுபடி. ஐகான் ஒரு லட்சத்துப் பத்தாயிரத்துக்குக் கிடைத்தது என்று நான் பெருமையடித்த ஒவ்வொரு தடவையும், புதிதாக வாங்க நினைத்த யாரோ ஒருவருக்கு நான் வயிற்றில் புளியைக் கரைத்திருக்கிறேன்.

கணக்கை முழுதாகவே போட்டுவிடலாம். வண்டி கைமாறியதில் ஃபோர்டுக்குப் போனது ஒரு ரூபாய் இல்லை. சர்வீஸ், கூடுவாஞ்சேரியில் ஒரு தகரக் கொட்டகையில். முன்விளக்கு, கதவுக் கைப்பிடி, ரேடியேட்டர் விசிறி எல்லாம் புதுப்பேட்டையில் பேரம் பேசி வாங்கியவை. அங்கே எந்தச் சந்தில் எந்த வண்டியின் கதவு தொங்கும் என்று எனக்குத் தெரியும். ஐகானின் மீது எனக்கிருக்கும் காதலால் அந்த நிறுவனத்துக்கு நேர்ந்த ஒரே லாபம், நான் சட்டையில் அதன் சின்னத்தைக் குத்திக்கொண்டது. அந்தச் சின்னமும் பாண்டி பஜாரில் நடைபாதையில் வாங்கியது.

முதலில் வாங்கியவர்கள்

இதைச் சொன்னதும், ஃபோர்டு போனதற்கு நீதான் காரணமா என்று நண்பர் ஒருவர் கிண்டல் செய்தார். அந்த அளவுக்கு எனக்குத் தலைக்கனம் இல்லை. பத்து ஆண்டுகளில் 200 கோடி டாலருக்கு மேல் நட்டம் என்று நிறுவனமே சொன்னது. குஜராத்தின் சனந்தில் நூறு கோடி டாலரில் இரண்டாவது ஆலையை 2015இல் திறந்தார்கள். இரண்டு ஆலைகளையும் நிரப்பும் அளவுக்கு உள்ளூரில் விற்பனை இல்லை. சென்னையில் செய்த எகோஸ்போர்ட்டை அமெரிக்காவுக்கே கப்பல் ஏற்றினார்கள். அதுவும் போதவில்லை. மஹிந்திராவோடு மறுபடி கூட்டுச் சேரப் போட்ட திட்டம் 2020 கடைசியில் கலைந்தது. ஒரு மாடல் ஓடிக்கொண்டிருக்கும்போதே அடுத்ததைத் தயாராக வைத்திருக்கும் பழக்கமும் அவர்களிடம் இல்லை. அமெரிக்காவிலும் இதே காலத்தில்தான், 2018 ஏப்ரலில், மஸ்டாங்கைத் தவிர மற்ற சின்னக் கார்களையும் செடான்களையும் கைவிட்டுப் பிக்கப், எஸ்யூவி பக்கம் போகப்போவதாக அறிவித்தார்கள். அங்கே ஃபியஸ்டா எஸ்டி என்று ஒரு வண்டி உண்டு. கார் பத்திரிகைக்காரர்கள் கொஞ்சித் தீர்த்த வண்டி. அதுவும் அந்த அலையில் போயிற்று. கொஞ்சியவர்கள் எத்தனை பேர் வாங்கினார்களோ.

நான் கேட்பது வேறு. அந்த நல்ல வண்டிகள் இத்தனை நாள் எப்படி இருந்தன? யாரோ புதிதாக வாங்கியதால்தானே அவை எனக்குப் பழசாகக் கிடைத்தன. யார் அவர்கள்?

தகரக் கொட்டகை மெக்கானிக் அண்ணனிடம் ஒருநாள் கேட்டேன். என் ஐகானின் அடியில் படுத்திருந்தார்; கால்கள் மட்டும் வெளியே தெரிந்தன. "அண்ணா, உங்களிடம் ஐகானை முதல் ஓனராகவே வைத்திருப்பவர் யாராவது வருகிறார்களா?" ஸ்பேனர் சத்தம் நின்றது. "இரண்டு பேர். ஒருவர் பல் டாக்டர். இன்னொருவர் தலைமை ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்ற அம்மா." ஏன் வாங்கினார்களாம் என்று கேட்டேன். "டாக்டருக்கு அந்த நீல நிறம் பிடித்ததாம். அந்த அம்மா காரைப் பற்றி எதுவும் பேசமாட்டார்கள். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை வருவார்கள், ஆயில் மாற்றுவார்கள், போவார்கள். பதினெட்டு வருடமாக." பிறகு அடியிலிருந்தே, "உங்களை மாதிரி ஆட்கள் வந்தால்தான் பேச்சு நீளும்" என்றார்.

அந்த அம்மாவின் பெயர் எனக்குத் தெரியாது. அவரைப் பற்றிக் கேட்டபோது எனக்கு சிகாகோ ஆசிரியை ஒருவர் நினைவுக்கு வந்தார். 1964 ஏப்ரல் 17 அன்று நியூயார்க் உலகக் கண்காட்சியில் மஸ்டாங் அறிமுகமாயிற்று. அதற்கு முன்னதாகவே சிகாகோவில் ஒரு விற்பனையாளர், இருபத்திரண்டு வயதுப் பள்ளி ஆசிரியை ஒருவருக்கு வெளிர்நீல மஸ்டாங் ஒன்றை விற்றுவிட்டார். பந்தயக்காரர் இல்லை, மெக்கானிக் இல்லை. பள்ளிக்குப் போய்வர ஒரு வண்டி வேண்டியிருந்தது. டீக்கடைப் பையன் மார்பில் கை வைத்துச் சொல்லும் மஸ்டாங்கின் தொடக்கம் இதுதான். ஃபோர்டு நிர்வாகி லீ அயக்கோக்காவின் குழு அதை ஃபால்கன் என்ற சிக்கனமான குடும்பக் காரின் பாகங்களை வைத்துத்தான் உருவாக்கியது. தொடக்க விலை 2,368 டாலர். அடிப்படை மாடலில் நூறு குதிரைத்திறனை ஒட்டிய ஆறு சிலிண்டர் எஞ்சின். முதல் நாளில் மட்டும் 22,000 ஆர்டர்கள். முதல் ஆண்டில் நான்கு லட்சத்துக்கு மேல். ரசிகர்கள் பூஜிக்கும் பாஸ் 429 மஸ்டாங்கை 1969, 1970 இரண்டு ஆண்டுகளிலும் சேர்த்து 1,400 கூடச் செய்யவில்லை. அந்த 1,400ஐச் செய்ய ஃபோர்டுக்குத் தெம்பு வந்தது நிறம் பிடித்து வாங்கியவர்களால்தான். பள்ளிக்குப் போய்வர வாங்கியவர்களால்தான்.

2022 ஜூலையில் மறைமலை நகரில் கடைசி எகோஸ்போர்ட் வெளியே வந்தது. அதற்கு முந்தைய வாரங்களில் இழப்பீடு கேட்டுத் தொழிலாளர்கள் போராடிக்கொண்டிருந்தார்கள். மின்சார ரயிலில் போகும்போது மறைமலை நகர் காமராஜர் நிலையத்தில் ஒருநாள் சீருடையோடு நாலைந்து பேர் ஏறினார்கள். எதிர் இருக்கையில் உட்கார்ந்தவர் என் சட்டையில் இருந்த சின்னத்தைப் பார்த்தார். ஏதாவது கேட்பார் என்று நினைத்தேன். கேட்கவில்லை. சிங்கப்பெருமாள் கோவிலில் இறங்கிப் போனார். நான் சின்னத்தைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டேன். பின்னொரு நாள் துவைக்கும்போது அது காணாமற்போயிற்று, தேடவில்லை.

தெருமுனை வரை

சென்ற மாதம் சித்தப்பா வீட்டுக்கு வந்திருந்தார். எழுபதைத் தாண்டிவிட்டார். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தவர் ஐகானையே பார்த்துக்கொண்டிருந்தார். "இன்னும் இதை வைத்திருக்கிறாயா?" என்றார். ஓட்டிப் பார்க்கிறீர்களா என்று கேட்டேன். வேண்டாம் என்றுதான் சொல்வார் என்று நினைத்தேன். செருப்பைத் தேடினார்.

இருக்கையை முன்னால் இழுத்துக் கொடுத்தேன். கிளட்சை ஒரு தடவை மிதித்துப் பார்த்தார், இரண்டாவது தடவையும் மிதித்துப் பார்த்தார். கேட்டைத் தாண்டி, மளிகைக்கடையைத் தாண்டி, தெருமுனை வரை இரண்டாவது கியரிலேயே போனார். குடிநீர்க் குழாய்க்குத் தோண்டி மூடிய பள்ளம் ஒன்று எங்கள் தெருவில் குறுக்கே ஓடுகிறது. அதன் மேல் முன்சக்கரம் ஏறியபோது தன் கைகளைப் பார்த்தார். முனையில் திருப்ப வேண்டிய இடத்தில் திருப்பாமல் நேராக விட்டார். ரயில் நிலையச் சாலை வந்தது.

"அன்றைக்கு ஓட்டினோமே, அந்த வண்டியும் இப்படித்தான் இருந்ததா?"

"இல்லை சித்தப்பா. அது இதைவிட லேசாக இருக்கும். ஆனால் அதே ஜாதிதான்."

"அப்புறம் ஏன் வேண்டாம் என்றாய்?"

ஒன்பது வருடம் கழித்து வந்த கேள்விக்கு, "விற்கும்போது விலை கிடைக்காது என்றுதான்" என்று சொன்னேன். வேறு எதுவும் வாயில் வரவில்லை.

சித்தப்பா கண்ணாடியைப் பார்த்து, கையைக் காட்டி, வண்டியை ஓரமாக நிறுத்தினார். கோபமெல்லாம் இல்லை. கணக்கில் ஒரு வரி இடிக்கும்போது அவருக்கு வரும் முகம்தான் வந்தது.

"நான் எப்போதடா எதை விற்றிருக்கிறேன்?" என்றார்.

அவருடைய பழைய ஸ்கூட்டர் இன்னும் மாடிப்படிக்குக் கீழே நிற்கிறது. 2017இல் வாங்கிய கார் இன்னும் ஷெட்டில் இருக்கிறது. கல்யாணத்துக்கு வந்த மிக்ஸிகூட அவர் வீட்டில் இருக்கிறது. பதிலுக்குக் காத்திருக்காமல் அவர் முதல் கியரைப் போட்டார். "பெட்ரோல் இருக்கிறதா? செங்கல்பட்டு வரை போய்விட்டு வரலாம்" என்றார்.